டாம் ஃபின்னி: பிளம்பர் தொழிலைக் கற்று முடித்த பிறகே கால்பந்துக்கு வந்தாராமே, உண்மையா?

கேள்வி: முதுநகர் உடற்கல்வி ஆசிரியர், கடலூர்

வணக்கம். கடலூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாலை நேரத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் இருபது, இருபத்திரண்டு பையன்களுக்குக் கால்பந்து கற்றுத்தருகிறேன். அவர்களில் ஒருவனைப் பற்றியதுதான் இந்தக் கேள்வி.

பதினேழு வயது. இடது கால் ஆட்டக்காரன். பந்து அவனிடம் வந்ததும் எதிரே நிற்பவன் அவன் இடுப்பைப் பார்ப்பான். இடுப்பு ஒரு பக்கம் சாயும். பந்தும் பையனும் மறுபக்கம் போய்விட்டிருப்பார்கள். இதை நான் கற்றுத்தரவில்லை. பதினெட்டு ஆண்டுகளாகப் பையன்களைப் பார்த்து வருகிறேன், இவனைப் போல் இன்னொருவன் வந்ததில்லை. சென்னையில் ஒரு பயிற்சிக்கூடம், தங்கி ஆட வரும்படி இவனை அழைத்திருக்கிறது.

தந்தை பிளம்பர். பையனை ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவில் சேர்த்திருக்கிறார். ஓராண்டுப் படிப்பு, பாதி முடிந்திருக்கிறது. “சான்றிதழ் கைக்கு வரட்டும், பிறகு எங்கு வேண்டுமானாலும் போகட்டும்” என்கிறார். நான் பொறுமை இழந்து, “பிள்ளையின் கையில் ரெஞ்சைக் கொடுத்துக் காலை ஒடிக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார். நான் சொன்னது தவறுதான். ஆனால் அந்தக் கோபம் எனக்குள் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கிடக்கிறது. பத்தொன்பது வயதில் எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. வீட்டில் அனுப்பவில்லை. மறு ஆண்டு அழைப்பு வரவில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, “இங்கிலாந்தில் டாம் ஃபின்னி என்று ஒருவர் இருந்தார், அவருடைய தந்தையும் இதையேதான் சொன்னார்” என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. ஃபின்னியின் தந்தை உண்மையிலேயே அவரைத் தடுத்தாரா? அதனால் அவர் ஆட்டம் கெட்டதா? ஆடிய காலத்திலும் குழாய் வேலை செய்தாரா? அந்தத் தந்தையிடம் மறுபடியும் போய்ப் பேச வேண்டும். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போக மனமில்லை.


பதில்: முத்தியால்பேட்டை பிளம்பர், புதுச்சேரி

சார், வணக்கம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்பவன். அதற்கு முன் உப்பளம் மைதானத்தில் ஆடியவன். என் கடையில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஃபின்னியின் படம்தான் இருக்கிறது.

அது வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டு, கடற்கரைச் சாலைக்குப் பின்புறத் தெருவில் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே தங்கியிருந்த வயதான ஆங்கிலேயர் ஒருவர், என் பையையும் பழைய கால்பந்துச் சட்டையையும் பார்த்துவிட்டு, “எங்கள் ஊர்ப் பிளம்பருக்கு இந்த ஆண்டுதான் அரசி சர் பட்டம் கொடுத்தார்” என்றார். ஃபின்னியின் ஊர் இருக்கும் லங்காஷயர் பகுதிக்காரர். அன்று மதியம் நான் வேலை செய்ய, அவர் படிக்கட்டில் உட்கார்ந்து ஃபின்னியைப் பற்றியே பேசினார். ஊருக்குப் போன பிறகு அந்தப் படத்தை அனுப்பிவைத்தார். அதிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன்.

ஃபின்னி 1922 ஏப்ரல் 5 அன்று பிரஸ்டன் நகரில் பிறந்தார். பிரஸ்டன் நார்த் எண்ட் கழகத்தின் டீப்டேல் மைதானம் வீட்டுக்குப் பக்கத்திலேயே. நான்கு வயதில் தாயை இழந்தார். நோஞ்சான் பிள்ளை. பதினான்கு, பதினைந்து வயதில் அந்தக் கழகமே அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள முன்வந்தது. வாரம் இரண்டரைப் பவுண்டு. அந்த ஊரில் அந்த வயதுப் பையனுக்கு அது பெரிய பணம். தந்தை ஆல்ஃப், முதலில் பிளம்பர் பயிற்சிக் காலத்தை முடி என்று சொல்லிவிட்டார்.

ஆனால் சார், ஆடாதே என்று அவர் சொல்லவில்லை. ஃபின்னி அமெச்சூராக, அதாவது சம்பளம் வாங்காத ஆட்டக்காரராகக் கழகத்திலேயே இருந்தார். பகலில் தொழில், மாலையில் பந்து. 1940 ஜனவரியில் தொழில்முறை ஆட்டக்காரராகக் கையெழுத்திட்டார். தந்தை சொன்னதால் அவர் கழகத்தை இழக்கவில்லை. அவர் ஆண்டுகளை விழுங்கியது போர். 1939இல் லீக் ஆட்டங்கள் நின்றன. 1946 வரை நடக்கவில்லை. 1941இல் போர்க்காலக் கோப்பை இறுதியில் ஆர்சனலை எதிர்த்து ஆடினார். முதல் ஆட்டம் சமன், மறு ஆட்டத்தில் பிரஸ்டனுக்கு வெற்றி. அப்போது வயது பத்தொன்பது. மறு ஆண்டு படைக்கு அழைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் எட்டாவது படையில் எகிப்து, பிறகு இத்தாலி. 1945இல் இத்தாலியில் டாங்கி ஓட்டினார். லீக்கில் முதல் ஆட்டம் 1946 ஆகஸ்ட் 31 அன்று, லீட்ஸ் யுனைடெட் அணிக்கு எதிராக. வயது இருபத்து நான்கு. ஒரு மாதத்துக்குள் இங்கிலாந்து அணிக்குள் வந்துவிட்டார். பெல்ஃபாஸ்ட்டில் வட அயர்லாந்துக்கு எதிராக 7-2. அதில் ஒரு கோல் அவருடையது.

அதன் பிறகு நடந்ததை எண்களில் சொன்னால்: பிரஸ்டனுக்காக 433 லீக் ஆட்டங்கள், 187 கோல்கள். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள், 30 கோல்கள். 1954, 1957 என இருமுறை ஆண்டின் சிறந்த கால்பந்து வீரர் விருது; இருமுறை பெற்ற முதல் ஆள் அவரே. 1950, 1954, 1958 உலகக் கோப்பைகள். தவறாக ஆடினார் என்று ஒரு முறைகூட நடுவர் அவர் பெயரைக் குறித்துக்கொண்டதில்லை.

உங்கள் பையன் இடது காலன் என்றீர்கள். ஃபின்னியும் பிறவியில் இடது காலன்தான். ஆனால் அவரை வலது ஓரத்தில் ஆடவைத்தார்கள். வலது காலை மறு இடது காலாக ஆக்கும்வரை பழகினார். இங்கிலாந்துக்காக ஆடிய 76இல் 40 ஆட்டம் வலது ஓரம், 33 ஆட்டம் இடது ஓரம், மூன்று ஆட்டம் நடுமுன்கள வீரர். எந்தக் காலால் எந்தப் பக்கம் போவார் என்று காவல்காரனுக்குத் தெரியாது.

இதை நான் தொழிலோடு சேர்த்தே பார்க்கிறேன். சமையல் மேடைக்கு அடியில் சுவர் மூலையில் ஒரு எல்போவை, குழாய் வளையும் இணைப்பை, கழற்ற வேண்டும் என்று வையுங்கள். வலது கை நுழைய இடமிருக்காது. இடது கையால்தான் ரெஞ்சைப் பிடிக்க வேண்டும், அதுவும் படுத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமல். முதல் ஆண்டில் எல்லாப் பையன்களும் அழுவார்கள். என் தந்தை என் வலது கையைத் துண்டால் முதுகோடு கட்டிவிட்டு இடது கையால் த்ரெட் போடச் சொல்வார். மூன்று மாதத்தில் கை தானாகப் போகும். ஃபின்னி காலத்தில் குழாய்கள் ஈயம். உருக்கிய பற்றாசை (சால்டர்) இணைப்பின்மேல் ஊற்றி, ஆறுவதற்குள் துணியால் வழித்து உருண்டையாக்க வேண்டும். ஒரு கை பற்றாசை ஊற்ற, மறு கை அடியிலிருந்து தாங்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கட்டியாகிவிடும், அவசரப்பட்டால் வழிந்துவிடும். அந்த வேலையைப் பதினைந்து வயதில் கற்றவனுக்குக் காலில் என்ன வரும் என்று நீங்களே சொல்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் இப்படி எழுதியிருக்காது. நான் இதை நம்புகிறேன்.

ஆடிய காலத்திலும் குழாய் வேலை செய்தாரா என்று கேட்டிருந்தீர்கள். செய்தார். சகோதரர் ஜோவோடு சேர்ந்து தொழில் நடத்தினார். பிரஸ்டன் பிளம்பர் என்றே நாடு முழுக்கப் பெயர். 1960 ஏப்ரலில் டீப்டேலில் லூட்டன் அணிக்கு எதிராகக் கடைசி லீக் ஆட்டம். தொடை இடுக்குக் காயம் விடவில்லை. மறு பருவத்திலேயே பிரஸ்டன், அன்று லீக்கின் உச்சமாக இருந்த முதல் பிரிவிலிருந்து இறங்கிவிட்டது. இன்றுவரை திரும்ப ஏறவில்லை. ஒரு மனிதன் ஒரு கழகத்தை எவ்வளவு உயரத்தில் தாங்கிப் பிடித்திருந்தான் என்பதை அதில் பார்க்கலாம்.

என் கடையில் இருக்கும் படம் 1956இல் செல்சீ மைதானத்தில் எடுத்தது. மழையில் மைதானம் குளமாகிக் கிடக்கிறது. ஃபின்னி ஒரு பக்கமாகச் சாய்ந்து பந்தோடு போகிறார், தண்ணீர் விசிறியாக எழுகிறது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் உப்பளம் மைதானத்தில் ஆடியவர்களுக்கு அந்தத் தண்ணீர் எப்படி இழுக்கும் என்று தெரியும். அந்தக் காலத்துத் தோல் பந்து நீரைக் குடித்துக் கல்லாகிவிடும். அதே காட்சியை 2004இல் டீப்டேலுக்கு வெளியே சிலையாக வைத்தார்கள், நீரூற்றோடு. சுற்றிலும் தண்ணீர் பீறிட, நடுவில் பிளம்பர் நிற்கிறார். எங்கள் ஊரில் முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் நகருக்கு வந்ததன் நினைவாக ஆயி மண்டபம் இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிலை நினைவுக்கு வரும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தந்தை என்னைத் தடுக்கவில்லை. இருபது வயதில் வெளியூர் அணி ஒன்றில் சேர்ந்தேன். இரண்டாவது பருவத்தில் முழங்கால் போயிற்று. மருத்துவச் செலவுக்குக்கூட அந்த அணி ஒரு காசு தரவில்லை, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தேன். மறு வாரம் தந்தை கேட் வால்வு ஒன்றைக் கையில் கொடுத்து, “இதைப் பிரித்துப் போடு” என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வேலைதான் சோறு போடுகிறது. அந்தத் தந்தையிடம் கோபப்படாதீர்கள் சார்.


பதில்: மஞ்சக்குப்பம் வழக்கறிஞர், கடலூர்

முத்தியால்பேட்டை ஐயா எழுதியதைப் படித்து மனம் நெகிழ்ந்தது. ஆனால் ஒரு பகுதி விடுபட்டுவிட்டது. அதை விட்டுவிட்டு ஃபின்னியின் கதையைச் சொன்னால், பையனின் தந்தைக்கும் பையனுக்கும் பாதி உண்மைதான் போய்ச் சேரும். நான் முப்பது ஆண்டுகளாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்துபவன், அதனால் என் கண் சம்பளத்தின் மேல்தான் போகிறது.

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்புச் சம்பளம் இருந்தது. 1901இல் வாரம் நான்கு பவுண்டு என்று தொடங்கியது. ஃபின்னி உச்சத்தில் இருந்த 1952இல் பதினான்கு பவுண்டு. அவர் ஓய்வு பெற்றபோது இருபது. ஐம்பதாயிரம், அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தாலும், உலகின் சிறந்த ஓர ஆட்டக்காரருக்கும் இரண்டாம் தர ஆட்டக்காரருக்கும் அதே வரம்பு. 1961 ஜனவரியில்தான் அதை ஒழித்தார்கள், ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று நின்ற பிறகு. ஃபின்னி ஓய்வு பெற்று ஒன்பது மாதம் கழித்து.

இப்போது பலெர்மோ விஷயத்துக்கு வருகிறேன். 1948இல் டூரின் நகரில் இங்கிலாந்து இத்தாலியை 4-0 என்று வென்றது; ஃபின்னி இரண்டு கோல் அடித்தார். இத்தாலியர்கள் அதை மறக்கவில்லை. 1952 மே மாதம் இங்கிலாந்து அணி ஃபுளோரன்ஸில் ஆடப் போனபோது, சிசிலித் தீவின் பலெர்மோ கழகத் தலைவராக இருந்த ஓர் இளவரசர் அவரிடம் பேசினார். கையெழுத்திட்டால் பத்தாயிரம் பவுண்டு. மாதச் சம்பளம் 130 பவுண்டு, வெற்றி ஊக்கத்தொகை தனி. கடலோர வீடு, கார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரம் பதினான்கு பவுண்டு வாங்குபவர் அந்தப் பத்தாயிரத்தைச் சம்பாதிக்க ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் ஆடியாக வேண்டும்.

பிரஸ்டன் கழகத் தலைவர் மறுத்துவிட்டார். எங்களுக்கு ஆடாவிட்டால் யாருக்கும் ஆட முடியாது என்ற பொருளில் முடித்துவிட்டார். அது வெறும் மிரட்டலும் இல்லை. அன்றைய விதிப்படி ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கழகத்திடமே இருக்கும். கழகம் விடுவிக்காமல் அவர் வேறெங்கும் ஆட முடியாது. ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தால் சம்பளமும் கிடையாது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நீல் ஃபிராங்க்ளின் என்ற இங்கிலாந்து நடுப்பின்கள வீரர் கொலம்பியாவின் போகோட்டாவுக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது தடை விதித்தார்கள். அதன்பின் இங்கிலாந்துக்கு அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. இது ஃபின்னிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

எனவே, ஃபின்னி ஒரே கழகத்தில் கடைசிவரை இருந்தார், விசுவாசி என்று சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. ஊரை நேசித்தார், சந்தேகமில்லை. ஆனால் கதவு வெளியிலிருந்தும் பூட்டியிருந்தது. அவர் கையில் தொழில் இருந்தது, அதனால் பதினான்கு பவுண்டில் தலை நிமிர்ந்து இருக்க முடிந்தது. தொழில் இல்லாத ஆட்டக்காரர்கள் முப்பத்தைந்து வயதில் என்ன ஆனார்கள்? “அவர்கள் பிளம்பர் வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்வார்கள்” என்று கழகங்கள் நினைப்பதற்கு ஃபின்னி போன்றவர்களே சாட்சியாகிவிட்டார்கள். கைத்தொழில் அவரைக் காப்பாற்றியது. அவரைக் கட்டிவைத்திருந்த விதியையும் அது கொஞ்ச காலம் காப்பாற்றியது என்பது என் கருத்து.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்று. அந்தச் சென்னைப் பயிற்சிக்கூடம் கொடுத்த தாளைத் தந்தையும் நீங்களும் வரி வரியாகப் படியுங்கள். காயம்பட்டால் சிகிச்சை யார் செலவு, படிப்பு தொடருமா, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா, வேறு அணிக்குப் போகத் தடை உண்டா, இந்த நான்கையும் பாருங்கள். பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. தந்தையின் கையெழுத்து வேண்டும். இப்போது அவர் தயங்குவதற்குக் காரணம் இந்தத் தாளாகவும் இருக்கலாம்.


பதில்: முதுநகர் உடற்கல்வி ஆசிரியர் (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். தாளை நான் முழுதாகப் படிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அழைப்பு வந்த மகிழ்ச்சியில் கடைசிப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. இன்று காலை பார்த்தேன். விலகினால் விடுதிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. காயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்னும் ஒரு கேள்வி. ஃபின்னிக்குப் பெரிய கோப்பை எதுவுமே கிடைக்கவில்லை என்று ஓரிடத்தில் படித்தேன். இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு அது எப்படி?


பதில்: முத்தியால்பேட்டை பிளம்பர், புதுச்சேரி

முதலில் வழக்கறிஞர் ஐயாவுக்கு. நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பலெர்மோ கதையை நான் தெரிந்தேதான் விட்டேன். அதைச் சொன்னால் எனக்கு மனம் கசக்கும். நானும் ஒரு காண்டிராக்டரிடம் பல ஆண்டுகள் கூலிக்கு இருந்தவன்தான்.

சார், கோப்பைகள் பற்றி. லீக் பட்டமும், இங்கிலாந்துக் கழகங்களின் பெரிய கோப்பையான எஃப்.ஏ. கோப்பையும் கிடைக்கவில்லை என்பது சரி. 1951இல் இரண்டாம் பிரிவுப் பட்டம் வென்று மேலே ஏறினார்கள், அவ்வளவுதான். 1952-53 பருவத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது. ஆர்சனல் 54 புள்ளி, பிரஸ்டன் 54 புள்ளி. அப்போது கோல் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்துச் சராசரி பார்ப்பார்கள். ஆர்சனல் 97 அடித்து 64 வாங்கியிருந்தது. பிரஸ்டன் 85 அடித்து 60 வாங்கியிருந்தது. வகுத்தால் 1.51, 1.41. புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரே ஓர் இலக்கத்தில் பட்டம் போய்விட்டது. இன்றைய முறையில் கழித்துப் பார்த்தாலும் ஆர்சனலுக்குத்தான் போயிருக்கும். பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். மறு ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் பிராம்விச் அணியிடம் 3-2 என்று தோற்றார்கள். நாடே ஃபின்னிக்காகக் காத்திருந்த நாள். அன்று அவர் ஆட்டம் எடுபடவில்லை. 1958இல் லீக்கில் மறுபடி இரண்டாம் இடம்; வுல்வ்ஸ் முதலிடம்.

இங்கிலாந்து அணியிலும் அப்படித்தான். 1947இல் லிஸ்பனில் போர்ச்சுகலை 10-0 என்று வென்றபோது ஒரு ஓரத்தில் ஸ்டான்லி மாத்யூஸ், மறு ஓரத்தில் ஃபின்னி. 1950இல் பிரேசிலில் அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்ற அணியிலும் அவர் இருந்தார். 1953இல் ஹங்கேரி வெம்ப்ளியில் 6-3 என்று அடித்தபோது காயத்தால் ஆடாமல் மேலிருந்து பார்த்தார். மறு ஆண்டு புடாபெஸ்டில் 7-1 வாங்கியபோது களத்தில் நின்றார். 1958இல் சோவியத் அணிக்கு எதிராக, லெவ் யாஷின் கோல் காக்க, பெனால்டி அடித்து 2-2 ஆக்கினார். அந்த ஆட்டத்தில் பட்ட காயத்தால் அந்த உலகக் கோப்பையில் அதற்குமேல் ஆடவில்லை. பில் ஷாங்க்லி, பின்னாளில் லிவர்பூலை எழுப்பியவர், பிரஸ்டனில் ஃபின்னியோடு ஆடியவர். ஃபின்னி மேலங்கியோடு ஆடினாலும் எந்தக் காலத்து அணியிலும் சிறந்தவராக இருப்பார் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஷாங்க்லி எளிதில் ஒருவரைப் புகழ்கிறவர் இல்லை.

வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒரு செய்தி. ஃபின்னி ஓய்வு பெற்று மூன்று ஆண்டு கழித்து, 1963 செப்டம்பரில், பெல்ஃபாஸ்ட்டின் டிஸ்டிலரி என்ற சிறிய கழகத்துக்காக ஒரே ஓர் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் ஆடினார். எதிரணி போர்ச்சுகலின் பென்ஃபிகா. புகழ்பெற்ற யூசேபியோ ஆடிய அணி. ஃபின்னிக்கு வயது நாற்பத்தொன்று. ஆட்டம் 3-3. இரண்டாம் ஆட்டத்துக்கு அவர் லிஸ்பன் போகவில்லை; டிஸ்டிலரி 5-0 என்று தோற்றது. அவரை அழைத்த டிஸ்டிலரி மேலாளர் பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம்.


பதில்: மஞ்சக்குப்பம் வழக்கறிஞர், கடலூர்

ஈஸ்ட்ஹாமா! ஐயா, இது எனக்குத் தெரியாமல் போயிற்றே. அவருடைய மகன் பெயரும் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம்தான். நியூகாசில் கழகம் தன்னை விடுவிக்காததால் ஆட மறுத்து, கார்க் விற்கும் வேலைக்குப் போனவர். பிறகு ஆர்சனலுக்குப் போக விட்டார்கள். அதோடு நிற்காமல் வழக்குத் தொடுத்தார். நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் அந்த விதி, ஒருவன் தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் கட்டுப்படுத்துகிறது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு 1963 ஜூலையில். ஃபின்னியைப் பலெர்மோ போகவிடாமல் கட்டிய கயிறு அது. மகன் அதை நீதிமன்றத்தில் அறுத்த அதே கோடையின் முடிவில், தந்தை ஃபின்னியை ஆட அழைத்திருக்கிறார்!


பதில்: முதுநகர் உடற்கல்வி ஆசிரியர் (கேள்வி கேட்டவர்)

இன்று மாலை போய்வந்தேன். எழுதிவிடுகிறேன், நீங்கள் இருவரும் காத்திருப்பீர்கள்.

வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் “உட்காருங்கள் சார்” என்று பாயை விரித்தார். ஃபின்னியின் கதையை முதலிலிருந்து சொன்னேன். ஈயக் குழாய்ப் பகுதி வந்தபோது மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தன் தாத்தா பழைய கட்டடங்களில் ஈயக் குழாய் கழற்றியதைப் பார்த்திருக்கிறாராம். பையன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்த பிறகு, “அவர் லீக் ஆட வந்தபோது என்ன வயது?” என்று கேட்டார். இருபத்து நான்கு என்றேன். “இவன் தேர்வு முடிக்கும்போது பதினெட்டுதான் ஆகியிருக்கும்” என்றார்.

நான் என் பத்தொன்பதாவது வயதின் அழைப்பைச் சொன்னேன். இதுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மாலை நான்கு மணிக்கு மேல் பையனை எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டேன், தினமும் கடற்கரைக்கு அனுப்புகிறேன் என்றார். பயிற்சிக்கூடத்துக்கு நானும் அவரும் சேர்ந்து கடிதம் எழுதினோம்: தேர்வு முடிந்ததும் சேர அனுமதி வேண்டும், காயத்துக்கான சிகிச்சையை ஒப்பந்தத்தில் எழுதித்தர வேண்டும். ஒத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு இடத்துக்கு எழுதுவேன். இந்த முறை நான் விட மாட்டேன்.

நாளை முதல் அவனுக்கு வலது கால் மட்டும். இடது காலால் பந்தைத் தொட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.


பதில்: முத்தியால்பேட்டை பிளம்பர், புதுச்சேரி

சார், சனிக்கிழமை பிற்பகல் கடலூர் பஸ் ஏறுகிறேன். அந்தப் படத்தை நகல் எடுத்துச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், பையனுக்கு. அவன் தந்தைக்கு என் தந்தையின் த்ரெட் டை ஒன்று இருக்கிறது. அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை போடும், இன்னும் பல் தேயவில்லை. தேவனாம்பட்டினத்தில் எந்த இடம் என்று மட்டும் எழுதுங்கள். நான்கு மணிக்கு முன்னால் வந்துவிடுவேன். அவன் வலது காலால் எப்படி அடிக்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும்.